மாசிலாமணி கத்தினானா?

1959 ஜூன் 8, திங்கள்

சினிமாப் பத்திரிகைக்காரர் ஒருவர் காலையில் வந்து, "உங்க கலை வாழ்க்கையை எழுதிக் குடுங்க சார், தொடராப் போடுறோம்" என்று கேட்டுவிட்டுப் போனார். குறிப்பு வேண்டுமே என்று இந்த டைரியைத் தூசு தட்டி எடுத்தேன். ஐந்து மாதமும் வெள்ளையாகக் கிடக்கிறது. ஒரே ஒரு பக்கத்தில் என் சம்சாரம் அம்சவேணி எலுமிச்சை ஊறுகாய் போட்ட தேதியைக் குறித்து வைத்திருக்கிறாள். அவளாவது உருப்படியாக ஒன்று செய்திருக்கிறாள்.

கலை வாழ்க்கையாம்! பெயர் தணிகாசலம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என் முதல் படத்தில் கலெக்டர் ஆபீஸ் டபேதாராக வந்தேன். தலைப்பாகை அவிழ்ந்து கலெக்டர் காலில் சுற்றிக்கொண்டது, கலெக்டர் ஓங்கி ஓர் அறை விட்டார், கொட்டகை சிரித்தது. அன்றிலிருந்து நான் 'டபேதார்' தணிகாசலம். அதற்கப்புறம் அறுபத்து மூன்று படம். ஸ்டேஷன் மாஸ்டர், ஓட்டல் மானேஜர், பள்ளிக்கூடத்துப் பியூன் என்று வேஷம் மாறுமே தவிர விஷயம் ஒன்றுதான். பதறுவேன், உளறுவேன், கடைசியில் அறை வாங்குவேன். படத்துக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் பல படங்கள் பத்து நாள் தாண்டியிருக்காது. இதை நான் சொல்லக் கூடாது. ஆனால் வேறு எவன் சொல்லப் போகிறான்?

அறை என்றால் நிஜ அறை. மைக்கில் சத்தம் விழ வேண்டும் என்பார்கள். கதாநாயகர்கள் எல்லாம் குஸ்தி பழகியவர்கள். ஒன்று விழுந்தால் இரண்டு நாள் காதுக்குள் வண்டு சுற்றும்.

தொழில் ரகசியம் ஒன்றையும் தொடரில் எழுதிவிடலாம். ஷாட் முடிந்ததும் மற்ற நடிகர்கள் டைரக்டர் முகத்தைப் பார்ப்பார்கள். நான் மேலே பார்ப்பேன். தளத்தைச் சுற்றி உயரத்தில் மரப்பரண். அதில் விளக்குகளோடு லைட்மேன்கள் உட்கார்ந்திருப்பார்கள். வசனம் பதிவாகும்போது அவர்கள் சிரித்தால் டேக் வீண். அதனால் சிரிப்பு வந்தால் தோளில் கிடக்கும் துண்டை வாயில் திணித்துக்கொள்வார்கள். எத்தனை வாயில் துண்டு போகிறது என்று எண்ணினால் போதும், கொட்டகையில் எவ்வளவு சிரிப்பு என்று தெரிந்துவிடும். பாட்டு ஷாட்டில் துண்டுக்கு வேலை இல்லை. ஒலிபெருக்கியில் பாட்டு அலறும், மேலே அவர்கள் தாராளமாக வாயைப் பிளந்து சிரிப்பார்கள். மாசிலாமணி என்று ஒரு லைட்மேன். லேசில் சிரிக்காத கல்லுளிமங்கன். பத்து வருஷமாக அவன்தான் எனக்கு அளவுகோல். அவன் வாய் திறந்தால் அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து விளையாடுவேன்.

அம்சவேணி ரேடியோவை மறுபடியும் குறைத்து வைத்துவிட்டாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்?

ஜூன் 11, வியாழன்

புதுப் படத்துக்கு இளவயசு டைரக்டர். வேங்கடாத்ரி என்று பெயர். படித்த பிள்ளை. ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறது. இந்தக் காலத்தில் எல்லோருக்கும் இதே வியாதி. மூன்று தடவை "என்ன தம்பி?" என்று கேட்க வேண்டியிருந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சௌந்தரம் என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதற்குச் சொன்னாள் என்று புரியவில்லை.

சௌந்தரமும் நானும் பதினொரு வருஷமாக ஜோடி. திரையில் மட்டும்தான். வெற்றிலைப் பெட்டியும் அவள் தங்கை பாக்கியமும் இல்லாமல் எங்கேயும் வரமாட்டாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். டைரக்டர் "ஆக்‌ஷன்" சொல்லும்போதும், பாட்டு ஆரம்பிக்கும்போதும், நான் பேச வேண்டிய முறை வரும்போதும் என் கையைப் பிடித்து அழுத்துவாள். மூன்று வருஷமாக இதே வழக்கம். "ஏம்மா, எனக்குத் தெரியாதா?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். "தெரியும் டபேதாரே, எனக்குத்தான் பயம்" என்றாள். நாலாயிரம் பேர் முன்னால் தனியாக நின்று நாடகம் ஆடியவளுக்குப் பயமாம்.

சாயங்காலம் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். "டபேதார் சார், நீங்க முன்னாடி போங்க" என்று ஜனங்கள் வழிவிட்டார்கள். இந்தத் தொழிலில் இப்படி ஒரு லாபம்.

ஜூன் 17, புதன்

சௌந்தரம் போய்விட்டாள். தளத்திலேயே.

ஜூன் 18, வியாழன்

எழுதாவிட்டால் இன்றைக்கும் தூங்க முடியாது போலிருக்கிறது.

கிணற்றடிப் பாட்டு. காமிராவும் ஒலிபெருக்கியும் தளத்தின் அந்தக் கோடியில். கிணற்றடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் அவள் கையைப் பிடித்துச் சுற்ற வேண்டும். இரண்டாவது சுற்றில் மேலே பரணில் இருந்த பெரிய விளக்கின் கொக்கி விட்டுப்போய், விளக்கு அப்படியே அவள் தலையில் இறங்கியது. எனக்கு முழங்கையில் கண்ணாடி கீறியதோடு சரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பாக்கியம் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தவள், செம்போடு ஓடிவந்து நின்றாள்.

அது மாசிலாமணியின் விளக்கு.

போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் மேக்கப் அறையில் வைத்து என்னை விசாரித்தார். விளக்கு நழுவினால் லைட்மேன் "தள்ளு! தள்ளு!" என்று கத்திக் கீழே நிற்பவர்களை விலக்க வேண்டும் என்பது தளத்துச் சட்டம். கத்திய பிறகும் விழுந்தால் விபத்து. கத்தாமல் விட்டால் அவன் தூங்கியிருக்கிறான் என்று அர்த்தம். மாசிலாமணி தான் கத்தியதாகச் சொல்கிறானாம். மற்ற லைட்மேன்கள் எல்லாம் காமிராப் பக்கத்துப் பரணில். பாட்டுச் சத்தத்தில் அங்கே யார் காதிலும் எதுவும் விழவில்லை. அவனுக்கு நேர் கீழே பத்தடியில் நின்றவன் நான் ஒருவன்தான்.

"மேலேருந்து சத்தம் ஏதாவது கேட்டுதா?" என்றார்.

கேட்கவில்லை என்றேன். கேட்கவில்லை என்பது உண்மைதானே.

ஜூன் 20, சனி

மாசிலாமணியைக் கைது செய்து ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். சங்கத்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி எந்த ஸ்டூடியோவிலும் ஏற முடியாது.

ஸ்டூடியோ மானேஜர் குப்புராவ் வீட்டுக்கே வந்து என் கையைக் குலுக்கினார். "நல்லவேளை, நீங்க உள்ளதை உள்ளபடி சொன்னீங்க" என்றார். கொக்கியை மாற்ற வேண்டும் என்று மாசிலாமணி போன மாதமே கேட்டான் என்பது எனக்குத் தெரியும். குப்புராவிடம் அவன் கேட்டபோது பக்கத்தில்தான் நின்றேன். அதை நான் இப்போது பேசவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

ஜூலை 4, சனி

என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு முழுநீள வேஷம். படம் ஆரம்பித்து முடிகிறவரை நான் வருவேன். கடைசியில் அறைக்குப் பதில் மாலை! வேங்கடாத்ரி வந்து சொன்னபோது அம்சவேணி சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினாள். ஐம்பத்தோரு வயசில் விடிந்திருக்கிறது. சௌந்தரம் இருந்திருந்தால் நாள் முழுக்கக் கிண்டல் செய்து கொன்றிருப்பாள்.

மீசைக்கு மை அடித்தேன்.

ஜூலை 12, ஞாயிறு

கொல்லையில் பாகற்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தேன். கயிறு போதவில்லை என்று திரும்பினால், பின்னால் மாசிலாமணி நிற்கிறான். ஆள் பாதியாகிவிட்டான். கண்ணெல்லாம் ஈரம். வாசற்படியில் அம்சவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அண்ணே, நான் கத்துனேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். "ஆனா நீங்க கேக்கலன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாம். பத்தடியில நின்னவரு நீங்க. பொய் சொல்ற ஆளும் இல்ல. அப்ப எனக்குத்தான் பயத்துல தொண்டை அடைச்சிக்கிச்சு போல. உள்ளுக்குள்ள கத்தியிருக்கேன், வெளிய வர்ல. நான்தான் அண்ணே அந்தம்மாவைக் கொன்னுட்டேன்."

"அப்படியெல்லாம் பேசாதே மாசிலாமணி" என்றேன்.

"கோர்ட்ல ஒத்துக்கப் போறேன். உங்க கால்ல விழுந்து சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று நிஜமாகவே விழுந்தான். என் கையில் பந்தல் கயிறு. அவனைத் தூக்கக்கூட இல்லை நான்.

அவன் போனபிறகு அம்சவேணி சொன்னாள். "நாலு தடவை அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டாருங்க. நீங்க திரும்பவே இல்ல. அண்ணன் என் மூஞ்சியில முழிக்கக்கூட விரும்பலன்னு அழுதாரு."

காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. அதனால்தான் காதில் விழவில்லை.

ஜூலை 13, திங்கள்

நேற்று காற்றே இல்லை.

ஜூலை 22, புதன்

மயிலாப்பூரில் ஒரு காது டாக்டர். வேலாயுதம் என்று பெயர் கொடுத்தேன். கோடம்பாக்கத்தில் ஒருவன் தும்மினால் மறுநாள் அவனுக்குக் காசநோய் என்று பேச்சாகிவிடும். டாக்டர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க டபேதார் தணிகாசலம் மாதிரியே இருக்கீங்க" என்றார். நிறையப் பேர் அப்படிச் சொல்கிறார்கள் என்றேன்.

ஏதோ இரும்புக் கவட்டையைத் தட்டித் தட்டிக் காதருகே வைத்தார். அப்புறம் ஒரு சீட்டில் எழுதியே காட்டினார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. போய்ப் பல வருஷம் இருக்கும். வலது காதில் கால் பங்கு மிச்சம். ஒரு வருஷத்துக்குள் அதுவும் போகும். "முகத்துக்கு நேராப் பேசினா உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறீங்க. முதுகுக்குப் பின்னாடி வெடி வெடிச்சாலும் தெரியாது" என்றார். காதில் பலமாக அடிபட்டதுண்டா என்று கேட்டார்.

அறுபத்து மூன்று படம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாடு முட்டியது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். முற்றல். அம்சவேணி திட்டியிருப்பாள். உதட்டைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

முழுநீள வேஷத்துக்கு முதல் நாள். ஒன்பது டேக். எதிராளி வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். உதடு நிற்கிற இடத்தில் என் வசனத்தைப் போட்டுவிடுவேன். ஆனால் இன்றைக்கு அவன் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு பேசுகிற காட்சி. எப்போது முடிக்கிறான் என்று எப்படித் தெரியும்? ஒரு தடவை முந்திக்கொண்டேன். ஒரு தடவை தளமே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. வலது கை பக்கத்தில் காற்றைத் துழாவிக்கொண்டே இருந்தது. அழுத்துவதற்கு அங்கே யாரும் இல்லை.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மூன்று வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்குக் காதாக இருந்திருக்கிறாள். நான் அதைக் கெட்ட பழக்கம் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். முட்டாள், முட்டாள்.

வேங்கடாத்ரி தோளில் கை போட்டு, "சௌந்தரம்மா போனதுலேருந்து உங்களுக்கு மனசு சரியில்லை, புரியுது சார்" என்றான். ஆமாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். செத்தவளையே குடையாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகஸ்ட் 15, சனி

விடுமுறை. தெருவில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். பதறுவதுபோல் இரண்டு நிமிஷம் நடித்துக் காட்டினேன். எல்லோர் வாயும் திறந்தது.

அந்தத் திறந்த வாய்களைப் பார்க்க முடியவில்லை. பாதியிலேயே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மாதமாக இந்தப் பக்கங்களில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறேன். போதும்.

அன்றைக்கு நான் மேலே பார்த்தேன். வழக்கம்போல. மாசிலாமணி பரணில் எழுந்து நின்றுகொண்டிருந்தான். வாய் அகலமாகத் திறந்திருந்தது. கை இரண்டையும் ஆட்டினான். பாட்டு ஷாட்டில் வாய் திறந்தால் என்ன அர்த்தம்? பத்து வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எழுந்து நின்று சிரிக்கிறான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்தை இழுத்து விளையாடினேன். சௌந்தரம் நகர வேண்டிய கட்டத்தில் அவள் கையை விடாமல், அதே இடத்தில் நிறுத்தி இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

கத்திக்கொண்டிருந்தவனைப் பார்த்து மறு கையால் சலாம் போட்டேன். நன்றி சொன்னேன் அவனுக்கு.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அம்சவேணியிடம் காதைப் பற்றிச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் ஏதோ சொன்னாள். முகத்தைத் தூக்கிச் சொல்லச் சொன்னேன்.

"ரேடியோவை நான் ஒருநாளும் கொறைக்கலீங்க" என்றாள்.

அப்புறம் பேச்சு முற்றியது. கோர்ட்டில் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"செவிடன்னு தெரிஞ்சா எவன் கூப்பிடுவான் உங்களை? வேற என்ன வேலை தெரியும் உங்களுக்கு? அறை வாங்கத் தெரியும். அதுக்கும் இனிமே ஆள் வெச்சுப்பாங்க. சொல்லிட்டா சௌந்தரம் எழுந்து வந்துடுவாளா?"

"மாசிலாமணி ஜெயிலுக்குப் போவானே" என்றேன்.

"அவர்தான் ஒத்துக்கறேன்னுட்டாரே."

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னதைத்தான் நானும் இரண்டு மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

புலியூரில் மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். ஓலைக் குடிசை. அவன் பெண்சாதி கன்னியம்மா என்னைக் கண்டதும் பாயை விரித்தாள். அதுவே எனக்குச் செருப்படி. அவன் வீட்டில் இல்லை.

"தெனம் ரயில்ரோட்டுக்குப் போயிடுதுங்க" என்றாள். "ரயிலு வர்றப்ப தண்டவாளத்துக்கு இந்தாண்ட நின்னுக்கினு, தள்ளு தள்ளுன்னு கத்துது. அந்தாண்ட ஆடு மேய்க்கிற கெழவிகிட்ட போயி, கேட்டுதா ஆயா, கேட்டுதா ஆயான்னு கேக்குது. கேட்டுச்சுன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குது. பைத்தியம் புடிச்சிடும் போல கீது, சாமி."

போய்ப் பார்த்தேன். வேலியோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்குக் காது கேட்காது, நீ வாய் திறந்ததைப் பார்த்தேன், சிரிக்கிறாய் என்று நினைத்தேன், நீ கத்தினாய் மாசிலாமணி, சத்தியமாகக் கத்தினாய். அவன் காலைத் தொடப் போனேன். என் கையைப் பிடித்துத் தடுத்தான்.

அவன் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

"வாய் தொறந்துதான் இருந்திருக்கும், அண்ணே. நான் இல்லன்னு சொல்லல. ஆனா சத்தம் வந்துச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் காது கேக்காதே."

சட்டம் படித்தவன்கூட இப்படிக் கேட்டிருக்க மாட்டான். ஒரு செவிடன் சாட்சி சொல்லி, ஒருவன் கத்தினான் என்று எவன் நம்புவான்? அவனே நம்பவில்லையே.

அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 31, திங்கள்

அரிசியில் கல். பல் ஒன்று ஆடுகிறது.

செப்டம்பர் 7, திங்கள்

நாளை மறுநாள் சைதாப்பேட்டைக் கோர்ட்டில் சாட்சி. குப்புராவ் வந்து, "சொன்னதையே சொல்லிட்டு வந்துடுங்க, ஒரு நிமிஷ வேலை" என்றார். முழுநீள வேஷத்துக்கு அடுத்த பதினைந்து நாளும் படப்பிடிப்பு என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, அறுக்கிறது. காது செவிடு என்று சொல்லத் தைரியம் வந்துவிட்டது. தொழில் போனால் போகட்டும், அதற்குக்கூட மனசு தயார். அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் சௌந்தரத்தைக் கொன்றது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதைச் சொல்லாவிட்டால் மாசிலாமணி சாகும்வரை ரயிலோடு கத்திக்கொண்டிருப்பான்.

அம்சவேணி என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 9, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோர்ட்டில் நல்ல கூட்டம். டபேதாரைப் பார்க்க வந்த கூட்டம். மாசிலாமணி குற்றவாளிக் கூண்டில் தலைகுனிந்து நின்றான். முன்வரிசை பெஞ்சில் பாக்கியம், சௌந்தரத்தின் தங்கை. வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாசிலாமணியை எரிக்கிறாற்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசாங்க வக்கீல் காகிதத்தைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார். நான் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கும்பிட்டு, "ஐயா, எனக்குக் காது கேட்காது. கேள்வியை எழுதிக் காட்டச் சொல்லுங்க" என்றேன்.

பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சு குலுங்கித் தரை அதிர்ந்தது என் காலுக்குத் தெரிந்தது. போலீஸ்காரர்கூடச் சிரித்தார். என் முகம் அப்படி. இருபத்திரண்டு வருஷமாக ஜனங்கள் சிரிப்பதற்கென்றே வைத்திருக்கும் முகம். டாக்டரிடம் மறுபடி போய் என் சொந்தப் பெயரில் எழுதி வாங்கிய சீட்டை நீட்டினேன். மாஜிஸ்திரேட் படித்தார். மேஜையைத் தட்டினார். அதற்கப்புறம் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

குமாஸ்தா ஒரு தாளில் எழுதி எழுதிக் காட்டினார்.

விளக்கு விழும்முன் எதிரி மாசிலாமணி கத்தினாரா?

"கத்தினான்."

நீங்கள் கேட்டீர்களா?

"இல்லை. வாய் திறந்ததைப் பார்த்தேன். சிரிக்கிறான் என்று நினைத்தேன்."

சத்தம் வந்தது என்பது உமக்கு எப்படித் தெரியும்?

மாசிலாமணி தலையைத் தூக்கினான். அவன் என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சௌந்தரத்துக்குக் கேட்டது. அவன் வாய் திறந்த அதே கணம் அவள் மேலே பார்த்தாள். ஓடப் பார்த்தாள். என் கையிலிருந்து கையை உதறினாள். இரண்டு தடவை உதறினாள். என்னையும் சேர்த்து இழுத்தாள். பதினொரு வருஷத்தில் அவள் அப்படி இழுத்ததில்லை. நான் அதையும் விளையாட்டு என்று நினைத்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் கையை விட்டிருந்தால் அவள் போயிருப்பாள்."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். மாஜிஸ்திரேட் அவரைப் பார்த்து ஏதோ சொன்னபிறகுதான் பேனா மறுபடி நகர்ந்தது. கொக்கியைப் பற்றியும், குப்புராவிடம் மாசிலாமணி கேட்டதைப் பற்றியும் கேட்காமலே சொன்னேன். குப்புராவ் எழுந்து வெளியே போனார்.

கூண்டில் மாசிலாமணி தன் தொண்டையைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. தீர்ப்பு அடுத்த வாரம். விட்டுவிடுவார்கள் என்று அவனுடைய வக்கீல் என் கையில் எழுதிக் காட்டினார்.

படியிறங்கி வந்தபோது வேப்பமரத்தடியில் பாக்கியம் வழிமறித்தாள். அம்சவேணி என் முன்னால் வந்து நிற்கப் பார்த்தாள். வேண்டாம் என்று நகர்த்தினேன். பாக்கியம் பேச ஆரம்பித்தாள். அழுகையில் உதடு கோணிக்கொண்டு போனதால் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. கூட்டம் சுற்றி நின்றுகொண்டது. அவள் என் மார்பில் குத்திக் குத்திப் பேசினாள். மெதுவாகச் சொல்லம்மா என்று நான் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை நின்றேன்.